பின்கட்டுக்கு இழுத்த ஒயர்

குடியாத்தம் வீடுகளுக்கு ஆன்டெனா கட்டப் போன நாட்களில், டிவிக்கு வரும் கோளாறுகளின் இங்கிலீஷ் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. அந்தந்த வீட்டுப் பெண்கள் சொன்ன பெயர்கள்தான் தெரியும். திரை முழுக்க வெள்ளைப் புள்ளி கொட்டினால் ‘பொரி பொரியுது’ என்பார்கள். படம் நிற்காமல் மேலே மேலே ஓடினால் ‘ஏணி ஏறுது’. ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் வெளிறிப்போன இன்னொரு முகம் தெரிந்தால் ‘ஆளுக்குப் பின்னால ஆளு வருது’. குறுக்கே கோடு கோடாக விழுந்தால் ‘தறி ஓடுது’. இந்தக் கடைசிப் பெயர் குடியாத்தத்துக்கே சொந்தம். விசைத்தறி மோட்டாரில் பறக்கும் தீப்பொறிதான் டிவியில் அப்படிக் கோடாக விழும். அதனால் வெள்ளிக்கிழமை பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கும் நெசவுத் தெருக்களில் தறியை நிறுத்திவிடுவார்கள். பகலெல்லாம் தடதடத்த தெரு சட்டென்று அடங்கும். அப்புறம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே பாட்டு கேட்கும்.

நான் பேரணாம்பட்டில் ஒரு தோல் கம்பெனியில் ஒயர்மேன். தோல் ஊறவைத்துச் சுழற்றும் பெரிய மர டிரம்களின் மோட்டார் நின்றுபோனால் ஓடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. எங்களுக்கு லீவு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் எனக்கு எட்டாவதோடு சரி. ரேடியோவைப் பிரித்துப் பிரித்து, சிலதைக் கெடுத்து, சிலதைச் சரி பண்ணிக் கற்றுக்கொண்ட கைத்தொழில்தான் ஆன்டெனா வரை வந்தது. எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக்குச் சென்னையிலிருந்துதான் படம் வந்தாக வேண்டும். வீட்டு மாடியில் இன்னொரு மாடி உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் பெரிய ஆன்டெனாவும் அதற்குப் பக்கத்தில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டரும் வைத்தால்தான் முகத்தில் மூக்கு தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்துவிட்டுக் குடியாத்தம் பஸ் ஏறுவேன். அப்படியும் தோல் வாடை முழுசாகப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் பழகிப்போயிருந்தது.

நான் சொல்லப்போகிற வீடு ஒரு லுங்கி வியாபாரியின் வீடு. முன்னால் ஹால், அதை அடுத்துச் சமையல்கட்டும் இரண்டு அறைகளும், அதற்கப்புறம் எட்டு விசைத்தறி ஓடும் கொட்டகை. கொட்டகையையும் கிணற்றையும் தாண்டினால் கடைசியாக ஒரு தனி அறை. நூல் மூட்டை அடுக்கி வைத்திருந்த அறை அது. அண்ணன் தம்பி இரண்டு பேர். நெய்வதும் விற்பதும் அண்ணன் பொறுப்பு. சாயம் காய்ச்சுவதும், எந்தக் கட்டத்துக்கு எந்தக் கலர் என்று முடிவு பண்ணுவதும் தம்பி பொறுப்பு. அண்ணனை எல்லாரும் பெரியவர் என்பார்கள், தம்பியைச் சின்னவர் என்பார்கள். சின்னவருக்குக் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் நாற்பதும் ஆகிவிட்டது.

அந்த வீட்டுக்கு முதல் ஆன்டெனா கட்டியது நான்தான். கறுப்பு வெள்ளை டிவி. கட்டி முடித்த அன்றைக்கே ஒரு வேடிக்கை பார்த்தேன். ஹாலில் தெருவே உட்கார்ந்திருந்தது. பாட்டு ஓடுகிறது. பெரியவரின் பெண், பத்தாவது படித்துக்கொண்டிருந்தவள், “சித்தப்பா, இந்தப் புடவை?” என்று கேட்டாள். சின்னவர் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தார்.

“ஒடம்பு கிளிப்பச்சை. முந்தானை அரக்கு. ஜரிகை டூப்ளிகேட்டு.”

ஹால் சிரித்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சாயத்தின் அழுத்தத்தை வைத்தே இன்ன கலர் என்று அவர் சொல்லிவிடுவார். சரியா தப்பா என்று யார் போய்ப் பார்த்தார்கள்? செய்தி வாசிக்கிற அம்மா வந்தால் பெண்களெல்லாம் அவர் பக்கம் திரும்புவார்கள். அவர் சொன்ன பிறகுதான் அந்த அம்மாவுக்குப் புடவை கட்டிவிட்ட மாதிரி. “கலர் டிவிக்குக் காச எதுக்குக் கொட்டறது? எங்க வூட்ல கலர் டிவி வெத்தல போட்டுக்கினு உக்காந்துகினு இருக்குது” என்று பெரியவரின் மனைவி சொன்னதை ரொம்ப நாள் நான் போன இடத்திலெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஒருநாள் சாயப்பட்டறையில் கொதிக்கிற அண்டாவின் விளிம்பைச் சின்னவர் வெறுங்கையால் பிடித்து நகர்த்தியிருக்கிறார். கையை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆள்தான் கத்தியிருக்கிறான். உள்ளங்கை வெந்து கொப்பளித்திருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. தொழுநோய். முதுகில் வெளிறிய படை ஒன்று எத்தனையோ நாளாக இருந்திருக்கிறது. சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியதையும் அவர் லுங்கி மடிப்பில் கையை வைத்தே மறைத்திருக்கிறார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாத்திரை கொடுத்தார்கள், விரலுக்கு ஆபரேஷன் செய்தார்கள். வலது கையில் இரண்டு விரல் குட்டையாகிவிட்டது, மற்றவை பாதி நிமிர்ந்தன. குணமாகிவிட்டது, இனி யாருக்கும் தொற்றாது என்று எழுதிக் கொடுத்த காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். அந்தக் காகிதத்தைப் பெரியவர் பீரோவில் நகைப் பெட்டிக்குக் கீழே வைத்திருந்தார்.

அவர் திரும்பி வந்து இரண்டு மாசத்தில் எனக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் போனேன். ஹாலில் பெரியவர் மட்டும் இருந்தார். மூலையில் அட்டைப் பெட்டி பிரிக்காத ஒரு சின்ன டிவி.

“பின்னால நூல் ரூமுக்கு ஒரு லைன் இழுக்கணும். இங்கயும் வரணும், அங்கயும் வரணும். முடியுமா?”

“முடியும்ணே. யாருக்கு அங்க?”

அவர் வெற்றிலைப் பெட்டியை மூடினார். “தம்பிக்குத்தான். ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சி, கட்டில் போட்டு, ஃபேன் மாட்டியிருக்கேன். ஒரு கொறை வெக்கல. டிவி ஒண்ணுதான் பாக்கி.”

அவராகவே சொன்னார். “அவன் வந்து ஹால்ல உக்காந்தான். நான் வேணாம்னு சொல்லல. மொத வாரம் பக்கத்து வூட்டுக்காரங்க கதவோரமா நின்னு பாத்துட்டுப் போய்ட்டாங்க. ரெண்டாவது வாரம் பசங்களக் கூட்டிக்கினு போய்ட்டாங்க. மூணாவது வாரம் ஹால்ல நாங்க நாலு பேரு. தெருவுக்கெல்லாம் தெரியும். தெரிஞ்ச தெரு வெளில சொல்லாம சும்மாவாவது இருக்கும். பொண்ணுக்குக் காவேரிப்பாக்கத்துல ஒரு எடம் வந்துருக்குது. அவங்க வந்து இந்த ஹால்லதான உக்காருவாங்க? அவன் கையப் பாத்தா?”

“காகிதம் இருக்குதே அண்ணே.”

“பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் பலகாரத்தட்டுல வெச்சிக் குடுக்கவா?” என்றார். குரலில் கோபம் இல்லை. வெற்றிலைப் பெட்டியைத் திரும்பத் திறந்து, “அவனுக்குப் படம் நல்லாத் தெரியணும். இங்க தெரியறதவிட அங்க நல்லாத் தெரியணும், பாத்துக்கோ” என்றார். அந்த மனிதர் தம்பியை ஒதுக்குகிறோம் என்று நினைக்கவில்லை. தெளிவான படம் ஒன்று கொடுத்துவிட்டால் கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்த மாதிரி என்று நினைத்தார். அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரே ஆன்டெனாவிலிருந்து இரண்டு டிவிக்குப் படம் கொடுப்பது இன்றைக்கு ஒரு வேலையே இல்லை. அன்றைக்கு அது எங்கள் ஊரில் வித்தை. ஒயரைச் சும்மா இரண்டாகப் பிரித்து முறுக்கினால் இரண்டு இடத்திலும் படம் கெடும். வருவதே கொஞ்சம், அதில் பாதி இங்கே, பாதி அங்கே. நான் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் சின்னச் சின்ன ரெசிஸ்டர்களைச் சால்டர் வைத்து இணைத்து, ஒரு பக்கம் ஒயர் நுழைந்தால் இரண்டு பக்கம் பிரிந்து போகிற மாதிரி செய்து வைத்திருந்தேன். எத்தனையோ தடவை தப்பாகச் செய்து, அப்புறம் சரியாக வந்தது. பூஸ்டரையும் கொஞ்சம் பெரிதாக மாற்றினேன்.

அதைவிடக் கஷ்டம் ஒயர் போகிற வழி. நாடா மாதிரித் தட்டையாக இருக்கும் அந்த ஒயர், இரும்புக்கும் ஈரச் சுவருக்கும் ஆகாது. தறிக் கொட்டகை வழியாக நேராக இழுத்தால் எட்டு மோட்டாரின் தீப்பொறியும் அதில் ஏறிக்கொள்ளும். அதனால் கொட்டகையைத் தொடாமல், மதில் ஓரமாக மரக்கட்டைகள் அடித்து, குளியலறைக் கூரைக்கு மேலே தூக்கி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு போனேன். தொய்வில்லாமல், முறுக்கில்லாமல், சாயம் போட்ட நூலைக் காயப்போட்ட மாதிரி நேராகப் போயிற்று. கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது என் மேலேயே எனக்கு ஒரு மரியாதை வந்தது.

சின்னவர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வா ஒயர்மேனு. இன்னா, மதில் மேல பூனை மாதிரி வர்றே?”

“நல்லா இருக்கீங்களாண்ணே?”

“கொறைச்சல் இன்னா? நீ தோல் வாடையோட வர்றே, நான் ரெண்டு வெரலு கம்மியா வந்துகிறேன். நம்ம ரெண்டு பேரையும் பஸ்ல ஒரே சீட்டுல போட்டா மூணாவது ஆளு உக்கார மாட்டான். காலை நீட்டிக்கினு போலாம்.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் டிவியை மேஜை மேல் வைத்து, பின்னால் இருந்த இரண்டு திருகாணியில் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்பா, இது இங்க வராதுன்னு சொல்லிடேன்.”

“எது?”

“லைனு. இவ்ளோ தூரம் இழுத்தா படம் வராதுன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லிடு. நீ சொன்னா கேப்பாரு.”

“அண்ணே, வருதே. பாருங்க.” பித்தானைத் தட்டினேன். வெறும் கட்டம் போட்ட படம்தான், நிகழ்ச்சி இன்னும் தொடங்கவில்லை. ஆனால் ஒரு பொரி இல்லை. ஊசி முனை மாதிரி கோடு. ஹாலில்கூட அப்படித் தெரிந்ததில்லை.

“வருது. அதான் சொல்றேன், வரலன்னு சொல்லு. வரலன்னா நான் அங்கதான போயாகணும்?”

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையிலிருந்து நான் இழுத்த ஒயர் கண் முன்னால் நின்றது. “இத வரலன்னு சொன்னா என் பேரு கெட்டுடும்ணே. பஜார்ல நாலு பேரு என்ன நம்பிக் கூப்புடறாங்க” என்றேன்.

“சர்தான்” என்றார்.

சாயங்காலம் பாட்டு தொடங்கியதும் பெரியவர் பின்கட்டுக்கு வந்து, வாசல்படியைத் தாண்டாமல் எட்டிப் பார்த்து, “பிரமாதம்டா தம்பி, அங்கவிட இங்க ஜாஸ்தி கிளியரு” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். திரையில் ஒரு அம்மா பாடிக்கொண்டிருந்தார். மூக்குத்திக் கல்கூடத் தெரிந்தது. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, “அந்தக் கல்லு இன்னா கலர்ணே?” என்று கேட்டேன்.

“யாருக்குச் சொல்லணும்?” என்றார் சின்னவர்.

நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஒன்றரை மாசம் போனது. ஒரு வியாழக்கிழமை, பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் பெரியவர் சொல்லி அனுப்பினார்: ஹால் டிவியில் படம் பேஜார் பண்ணுகிறது, உடனே வா. மறுநாள் போனேன். பெரியவரின் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“நல்லா கட்டினப்பா லைனு! கொஞ்ச நேரம் ஆளுக்குப் பின்னால ஆளு வருது. கொஞ்ச நேரம் ஒரே பொரி. அப்புறம் தானா சரியாவுது. போன ஞாயித்துக்கிழம கதாநாயகிக்குத் தாலி கட்டற நேரம் பாத்து மாப்ள ரெண்டு பேரா நிக்கறான். எவன் கட்டினான்னே தெரியல.”

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஆன்டெனா நேராக இருந்தது. பூஸ்டர் சரி. டப்பாவைத் திறந்து பார்த்தேன், சால்டர் ஒன்றும் விடவில்லை. ஒயரைத் தடவிக்கொண்டே மதில் ஓரமாக நடந்து கிணற்றைச் சுற்றிப் பின் அறைக்கு வந்தேன். சின்னவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டிவி மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. பின்னால் பார்த்தால் ஒயர் திருகாணியில் இல்லை. தரையில் கிடந்தது. அதன் இரண்டு செப்பு முனைகளும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தன. முறுக்கிய இடத்தில் செப்பு நசுங்கிப் பல் பதிந்த தடம். அந்த விரல்களால் அவ்வளவு மெல்லிய கம்பியை முறுக்க முடியாது. பல்லால் கடித்துப் பிடித்து முறுக்கியிருக்கிறார்.

நான் அந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்தான் பேசினார்.

“தானா கண்டுபுடிச்சேன். ஒரு நாளு போர் அடிச்சிப்போயி ஒயரப் புடுங்கிப் போட்டேன். ஹால்ல கத்தறாங்க. திரும்ப வெச்சேன், கத்தல நின்னுபோச்சி. எனக்கு ஆச்சரியமாப்போச்சி. அடுத்த ஞாயித்துக்கிழம முழுக்க இதான் வேல. சும்மா புடுங்கிட்டா ஆளுக்குப் பின்னால ஆளு. முறுக்கி வுட்டா பொரி.”

“எதுக்குண்ணே?”

“நான் இங்க வந்ததுலேர்ந்து அந்த ஹால்ல என் பேர யாருமே சொல்லலப்பா. சோறு வருது, வெந்நீர் வருது, காபி வருது. பேரு வரல. இப்பப் படம் கெட்டா, ‘சின்னவரு ரூம்ல இன்னா பண்றாரு பாரு’ன்னு ஒரு குரல் வருது. காது குடுத்துக் கேட்டுக்கினு இருப்பேன். அதுக்காகத்தான்.”

அவர் சிரிக்கவில்லை. கொட்டகையில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

முனையைப் பிரித்துத் திருகாணியில் மாட்டிவிட்டு, “இனிமே இப்பிடிப் பண்ணாதீங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். டப்பாவில் ஒரு மாற்றம் செய்து, அங்கே என்ன செய்தாலும் இங்கே தெரியாதபடியும் ஆக்கியிருக்கலாம். அதற்கும் வழி எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் செய்திருந்தால் அவர் கையில் மிச்சம் இருந்த அந்த ஒன்றும் போயிருக்கும்.

ஹாலுக்கு வந்தேன். பெரியவர், அவர் மனைவி, பெண், மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“இன்னா கோளாறு?”

“அண்ணே, ரெண்டு ரூமுக்குத் தாங்காது” என்றேன். “மெட்ராஸ்லேர்ந்து வர்றதே ஒரு கரண்டி மாவு. அத ரெண்டு தோசையா ஊத்தினா ரெண்டும் ஓட்டை.”

“மொத நாளு அவ்ளோ கிளியரா வந்துச்சே?” என்றார் பெரியவர்.

“புதுசுல வரும். போகப்போக பூஸ்டரு எளைச்சிப்போவும்.”

“பூஸ்டரு இன்னா பச்சப்புள்ளயா, எளைச்சிப்போவ?” என்றார் அவர் மனைவி. அவரிடம் பொய் சொல்வது சுலபம் இல்லை.

“தனியா இன்னொரு கம்பம் நட்டுடறியா?” என்று பெரியவர் கேட்டார்.

“ஒரே மாடியில ரெண்டு கம்பம் இருந்தா ஒண்ணுத்துது ஒண்ணு இழுத்துக்கும்ணே. இருக்கறதும் போய்டும்.”

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட மோசம். எத்தனையோ மாடிகளில் நானே இரண்டு கம்பம் நட்டிருக்கிறேன். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பெண் சொன்னாள்: “அப்போ சித்தப்பா இங்கயே வந்து பாக்கட்டும்பா.”

அம்மா பெண்ணைப் பார்த்தார், பெண் தரையைப் பார்த்தாள். பெரியவர் எழுந்து வாசல் வரைக்கும் போய்த் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“கழட்டிடு” என்றார்.

நானே அடித்த மரக்கட்டைகளை நானே பிடுங்கினேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டு வருகிறபோது சின்னவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த ஒயர்ச் சுருளைப் பார்த்தார். அவர் கழுவிய முகத்தைத் திரும்பவும் கழுவினார்.

சாயங்காலம் தறி நின்றது. படம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போக நானும் ஹாலில் இருந்தேன். பாட்டு தொடங்கி ஒன்று முடிந்த பிறகுதான் சின்னவர் வந்தார். தோய்த்த சட்டை. தன் பாயைத் தானே சுருட்டிக் கக்கத்தில் கொண்டுவந்து, சமையல்கட்டு நிலைக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தார். வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பாட்டு பாதி ஓடியபோது பெரியவரின் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், யாரையும் குறிப்பிடாமல் கேட்டார்: “இது கத்திரிப்பூவா, கருநீலமா?”

சின்னவர் பழையபடி தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தார்.

“கத்திரிப்பூ அண்ணி” என்றார் சின்னவர். “சாயம் நிக்காது. ஒரு தண்ணியில போய்டும்.”

இதோடு முடித்தால் நான் என்னவோ நல்ல காரியம் செய்தவன் மாதிரி இருக்கும். அப்படி இல்லை. காவேரிப்பாக்கத்துக்காரர்கள் வந்தார்கள். அன்றைக்குச் சின்னவர் பின்னால் போய்விடுகிறேன் என்று சொன்னாராம். பெரியவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லையாம். சின்னவர் ஹாலிலேயே, தன் பாயில், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். வந்தவர்கள் காபி குடித்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். கடிதம் வரவில்லை. என்ன காரணம் என்று அவர்களும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்புறம் இரண்டு வருஷம் எந்த இடமும் அமையவில்லை. கடைசியில் பள்ளிகொண்டாவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வருஷமும் எனக்கு அந்தத் தெருப் பக்கம் போகப் பயம். பஜாரில் என் பெயரும் கெட்டுத்தான் போனது. “அவனா? ஒத்த ரூமுக்கு ஓகே. ரெண்டு ரூமுன்னா கைய விரிச்சிடுவான்” என்று நான் இருப்பது தெரியாமல் டீக்கடையில் ஒருவர் சொன்னதை நானே கேட்டேன். பெரிய வீட்டு வேலையெல்லாம் வேறு ஆட்களுக்குப் போனது. அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெண்ணின் இரண்டு வருஷத்தை எடுத்து அவள் சித்தப்பாவிடம் கொடுக்க நான் யார் என்பதுதான் என்னை விடவில்லை. அவள் தானே சொன்னாள், “இங்கயே வந்து பாக்கட்டும்” என்று. ஆனால் அவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கியது என் பொய்.

கல்யாணம் முடிந்து சில மாசத்தில் ஒரு காற்று மழையில் அவர்கள் ஆன்டெனா சாய்ந்துவிட்டது. பெரியவர் எனக்குத்தான் ஆள் அனுப்பினார். போய் நிமிர்த்திக் கட்டினேன். இறங்கி வந்து கை கழுவும்போது கொட்டகை வாசலில் அவர் தனியாக நின்றிருந்தார். இனியும் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று பட்டது.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி ரெண்டு ரூமுக்குத் தாங்காதுன்னு சொன்னது பொய். நல்லாவே தாங்கும்.”

அவர் தறியைப் பார்த்தபடியே இருந்தார். “தெரியும்” என்றார். “நீ கழட்டிக்கினு போன மறு வாரமே வேலூர்லேர்ந்து ஒருத்தன இட்டாந்து கேட்டேன். நாலு ரூமுக்குத் தாங்கும்னான். ஒயரெல்லாம் கொண்டாந்திருந்தான்.”

பொய் என்று அவருக்குத் தெரிந்து ஒன்றரை மாசம் கழித்துத்தான் காவேரிப்பாக்கத்துக்காரர்கள் வந்தார்கள். அதற்குள் அவர் நாலு லைன் போட்டிருக்கலாம்.

“அப்புறம் ஏண்ணே போடல?”

“போடத்தான் கூப்புட்டேன். அவன் ஏணியெல்லாம் சாத்திட்டான். இன்னிக்கி வேணாம், போய்ட்டு வான்னு அனுப்பிட்டேன்.” பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அதுக்குள்ள தம்பி ஹால்ல வந்து உக்காந்துட்டான்ல. வராதடான்னு சொல்றது வேற. வந்து உக்காந்தவன எழுந்து போடான்னு எந்த வாயால சொல்றது?”